விலக்கில் நிற்பவர்களின் கால அட்டவணை

"உங்க ஊருக்கு எந்த பஸ் வேணும்?" என்று எங்கள் பக்கத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் தூத்துக்குடி வண்டி ஊருக்குள் வரணும் என்பார். இன்னொருவர் மதுரைக்கு நேர் பஸ் கேட்பார். காரைக்குடியிலிருந்து ராமநாதபுரம், தூத்துக்குடி வழியாகக் கன்னியாகுமரிவரை கடலோர ரயில் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. அதே ஆட்களிடம் "எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்து சேரணும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஊர் மொத்தமும் மூன்று நான்கு பதில்களுக்குள் வந்துவிடும். பஸ் வசதி பற்றி ஊரில் பேச்சு எழும்போதெல்லாம் நான் இந்த இரண்டாவது கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன். ஏன் என்பதற்குத்தான் இந்தப் பகிர்வு.

ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவில் ஒரு கடலோர ஊர் என்னுடையது. கிழக்குக் கடற்கரைச் சாலை எங்கள் ஊரைத் தொடாது. பெரிய சாலையிலிருந்து ஊர்ச் சாலை பிரியும் இடத்தை விலக்கு என்போம். அந்த விலக்கில் இறங்கி, சீமைக் கருவேலங்காட்டைத் தாண்டி, மூன்று கிலோமீட்டர் உள்ளே வர வேண்டும். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். கணக்கு எழுதுவதில் சிரமம் இல்லை. காலையில் விலக்குக்குப் போய்ச் சேர்வதும் ராத்திரி விலக்கிலிருந்து வீடு வந்து சேர்வதும்தான் சிரமம். எங்கள் ஊரில் வெளியே போய்ச் சம்பாதிக்கிற எல்லாப் பெண்களுக்கும் இதே கதைதான்.

இந்தக் கரை முழுக்க அமைப்பே அப்படி. வடக்கே தொண்டிப் பக்கம் காரங்காடு, முள்ளிமுனை, மோர்ப்பண்ணை என்றாலும், தெற்கே வாலிநோக்கம், மூக்கையூர் என்றாலும், பெரிய சாலை ஒரு பக்கம் ஓடும், ஊர் கடலோரத்தில் கிளைச் சாலையின் முனையில் இருக்கும். ராமநாதபுரம் நகரமோ விரித்த கை மாதிரி. மேற்கே பரமக்குடி, மதுரை. வடக்கே தேவிபட்டினம், தொண்டி. கிழக்கே உச்சிப்புளி, மண்டபம், ராமேஸ்வரம். தெற்கே திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி. தென்மேற்கே உத்தரகோசமங்கை, முதுகுளத்தூர். ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குப் போக உள்ளங்கைக்கு வந்துதான் ஆகணும். கீழக்கரையிலிருந்து மண்டபம் போகிறவர் ராமநாதபுரம் வந்து வண்டி மாறுகிறார். அங்கே அவருடைய அடுத்த பஸ் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் கிளம்பிப் போயிருந்தால், அந்த ஐந்து நிமிஷம் அவருக்கு ஒரு மணி நேரமாகிவிடும்.

ஊர் நூலகத் திண்ணையில் ஞாயிறு சாயங்காலங்களில் இதைப் பேசத் தொடங்கினோம். ஓய்வு பெற்ற கண்டக்டர் மாமா, மீன் விற்கும் அத்தைமார், நர்சிங் படிக்கிற ஒரு தங்கச்சி, உப்பளத்துக்குப் போகிற அக்கா, ஷேர் ஆட்டோ ஓட்டும் தம்பி, கீழக்கரையில் கல்லூரியில் வேலை பார்க்கும் லாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை இப்படித்தான் கூப்பிடுவார்கள்), அப்புறம் நான். ராமேஸ்வரம் தீவிலிருக்கும் தங்கச்சிமடத்துச் சித்தி ஊருக்கு வந்திருக்கும்போதெல்லாம் அவரும் வந்து உட்காருவார்.

முதல் கூட்டங்கள் ரயிலிலேயே போயின. அதில் தப்பில்லை, எங்கள் மாவட்டத்தில் யாருக்குத்தான் பாம்பனைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியும்? 1914-இல் திறந்த பாலம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியையும் அங்கே போன பாசஞ்சர் ரயிலையும் கடல் கொண்டுபோனது. 1988-இல் சாலைப் பாலம் வந்தது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் செங்குத்தாகத் தூக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டது. நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் தீவுக்கு ரயிலே கிடையாது. மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ ரயில் நின்றுவிடும், மீதித் தூரம் பஸ்தான். அந்த நாட்களில் மண்டபத்தில் மூட்டையோடு இறங்கிய கூட்டம் பஸ்ஸைத் தேடி ஓடியதைச் சித்தி சொல்லுவார். "ரயிலு வர்ற நேரம் எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த நேரத்துக்கு பஸ்ஸு நிக்கணும்னு யாருக்கும் தோணல" என்றார். அந்த வாக்கியம்தான் எங்கள் பேச்சைத் திருப்பிவிட்டது.

ஏனென்றால் நூறு வருஷத்துக்கு முன்னால் இதே கரையில் அது தோன்றியிருக்கிறது. சென்னையிலிருந்து வந்த போட் மெயில் தனுஷ்கோடியில் போய் நிற்கும். ரயிலை எதிர்பார்த்துக் கப்பல் துறையில் நிற்கும். அக்கரையில் தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு ரயில். எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கடலைத் தாண்டிப் போனார்கள். இரண்டு நாட்டு ரயிலையும் ஒரு கப்பலையும் ஒரே நேரத்தில் கோக்க முடிந்த கரையில், ஒரு டவுன் பஸ்ஸையும் ஒரு மினி பஸ்ஸையும் விலக்கில் சேர்த்து நிறுத்த முடியாதா? இந்தக் கேள்வியை நான் இன்னும் விடவில்லை.

கடலோர ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரட்டும். ஆனால் அது திண்ணையில் உட்கார்ந்து பேசும் நம் கையில் இல்லை, வந்தாலும் நிலையம் எங்கள் ஊருக்குள் வரப்போவதில்லை. விலக்கிலிருந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் அப்போதும் அப்படியேதான் இருக்கும்.

முதலில் என்ன ஓடுகிறது என்று எழுதிப் பார்க்கணும் என்றார் மாமா. விலக்கில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணனிடம் பழைய மாதக் காலண்டரை வாங்கி, பின்பக்கத்தில் கோடு போட்டோம். வந்த நேரம், எங்கிருந்து எங்கே, நின்றதா, ஏற முடியாமல் எத்தனை பேர் நின்றார்கள் என்று நான்கு கட்டம். "நின்றதா" என்ற கட்டம் மாமா சேர்த்தது. டிப்போவில் இருக்கும் தாளில் அந்த வண்டி ஓடியதாகத்தான் இருக்கும், விலக்கில் நின்றவருக்கோ அது ஓடாத வண்டி. முறைவைத்து எழுதினோம். நாங்கள் இல்லாத நேரத்தில் டீக்கடை அண்ணனே பென்சிலால் குறித்து வைத்தார்.

ஒரு காலைத் தாள் இப்படி இருந்தது: 7.40-க்கு ஒரு வண்டி, நின்றது. 7.44-க்குத் தனியார் வண்டி, நின்றது. 7.47-க்கு இன்னொன்று, நிற்கவில்லை. அப்புறம் 8.55 வரை ஒன்றும் இல்லை. ஏற முடியாதவர் கட்டத்தில் பாதி பேர் பள்ளிப் பிள்ளைகள்.

"பஸ் பத்தலை" என்று மனு எழுதினால் என்ன பதில் வரும்? "காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் நான்கு வண்டி ஓடுகிறது" என்று வரும். அது உண்மையும்கூட. மூன்று வண்டி ஏழு நிமிஷத்துக்குள் ஒட்டிக்கொண்டு வருவதுதான் குறை. இது எப்படி நடக்கிறது என்பதையும் மாமாதான் விளக்கினார். எல்லா வண்டிக்கும் அந்த நேரத்துக் கலெக்‌ஷன் வேணும். முன்னால் போகிற வண்டி ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டத்தை ஏற்றி ஏற்றித் தாமதமாகும். பின்னால் வருகிறதற்கு ஏற்ற ஆள் இல்லாததால் வேகமாக வந்து ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது வண்டி இரண்டையும் முந்திப் போகும். டிரைவர் பொல்லாதவர் என்பதால் இது நடப்பதில்லை, புறப்படும் நேரங்கள் நெருக்கமாக இருப்பதால் நடக்கிறது. தனியார் வண்டிக்கு நேரம் குறித்துக் கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். மாவட்டத்தில் அதற்குத் தலைவர் கலெக்டர்தான். அரசு பஸ்ஸின் நேரம் டிப்போவில். இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரே ஆள் விலக்கில் நிற்கும் பயணிதான்.

மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை தாள் ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கும் மாமாவிடம் பதில் இருந்தது: ட்யூட்டி மாறும் நேரம். காலை செட் வண்டியை விட்டு இறங்கி, மதிய செட் ஏறணும். எல்லா ஷெட்யூலும் ஒரே நேரத்தில் மாறினால் தடம் காய்ந்துபோகும். இதெல்லாம் உள்ளே வேலை பார்த்தவர் ஒருவர் உடன் இல்லாமல் வெளியாட்களுக்குத் தெரியவே தெரியாது. எந்த ஊரில் இப்படி ஒரு குழு சேர்ந்தாலும் ஓய்வு பெற்ற டிரைவர், கண்டக்டர், டைம் கீப்பர் என்று ஒருவரையாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் உண்மையான சண்டை ஒன்றில்தான் வந்தது. பெரிய சாலையில் போகும் பஸ் ஊருக்குள் வந்து திரும்பணுமா, அல்லது ஊரிலிருந்து ஒரு சின்ன வண்டி விலக்குக்குப் போய் பஸ்ஸோடு சேரணுமா?

"உள்ள வந்து ஏத்திட்டுப் போனாத்தான் எங்களுக்கு அது பஸ்ஸு" என்றார் அத்தை. "விலக்குல எறங்கி மாறுன்னா, கூடையை எறக்க ஒரு ஆளு, ஏத்த ஒரு ஆளு வேணும். ஐஸ் உருகி ஒழுகுனா கண்டக்டரு வையுறாரு. ரெண்டு தடவை அந்தப் பேச்சைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

நர்சிங் தங்கச்சியின் வீடு சாயல்குடிப் பக்கம். அவளும் விடவில்லை. "அத்தை, உங்க ஊருக்குள்ள வந்து திரும்ப கால் மணி நேரம். அடுத்த ஊருக்காரங்களும் அதையே கேப்பாங்க. அதுக்கு அடுத்த ஊரும் கேக்கும். மூணு ஊரு உள்ள போயிட்டு வந்தா முக்கால் மணி நேரம் போயிரும். எனக்கு முதல் வகுப்பு அப்பவே முடிஞ்சிரும்."

இருவர் சொன்னதும் சரி. உள்ளே மூன்று, வெளியே மூன்று, ஆக ஆறு கிலோமீட்டர். எதிரே ஒரு லாரி வந்தால் ஒதுங்க இடமில்லாத சாலை. வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேரின் கால் மணி நேரத்தை எடுத்து, எங்கள் ஊர்ப் பத்துப் பேருக்குக் கொடுக்கிறோம். அந்த ஐம்பது பேரும் கொஞ்ச நாளில் பைக் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். "எல்லா ஊருக்குள்ளயும் போற பஸ்ஸுல கடைசியில எந்த ஊருக்காரனும் ஏற மாட்டான்" என்று மாமா சொன்னபோது அத்தைக்குக் கோபம் வந்தது. ஒரு ஞாயிறு அவர் வரவே இல்லை.

அவர் வீட்டுக்குப் போய்த்தான் பேசினோம். அங்கேதான் வழியும் கிடைத்தது. அத்தைக்கு உள்ளே பஸ் வேண்டியது விடியற்காலை ஒரு தடவை, ஏலம் முடிந்து கூடை கட்டியபின். திரும்பி வரும்போது கூடை காலி. அப்போது விலக்கில் மாறுவதில் அவருக்குச் சிரமம் இல்லை. பிள்ளைகளுக்குக் காலை எட்டுக்குள் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அப்புறம் ராத்திரி கடைசி வண்டி. இந்த நான்கு நடை மட்டும் ஊருக்குள் வரட்டும். மற்ற நேரமெல்லாம் பெரிய வண்டி நேராகப் போகட்டும், ஊருக்கும் விலக்குக்கும் நடுவில் ஷேர் ஆட்டோவோ மினி பஸ்ஸோ ஓடட்டும். தங்கச்சியின் வகுப்பும் தப்பியது, அத்தையின் கூடையும் தப்பியது. நாள் முழுவதும் ஒரே மாதிரி ஓடணும் என்ற நினைப்பை விட்டால், ஒருவருக்கொருவர் எதிரான இரண்டு கோரிக்கைகள் ஒரே அட்டவணையில் வேறு வேறு நேரத்தில் உட்கார்ந்துவிடுகின்றன.

மீன் கூடை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லணும். கூடையோடு ஏறும் பெண்ணை இறக்கிவிட்ட செய்தி தமிழ்நாட்டுக் கடற்கரைக்குப் புதிதில்லை. கேரளத்தில் மீன்வளத் துறையும் போக்குவரத்துக் கழகமும் சேர்ந்து, மீன் விற்கும் பெண்களுக்கென்றே திருவனந்தபுரத்தில் 2021-இல் 'சமுத்ரா' என்ற இலவச பஸ்களை விட்டன. எங்கள் கரைக்குத் தனி பஸ் உடனே வராவிட்டாலும், விடியற்காலை நடையில் மட்டும் கடைசி வரிசை இருக்கைகளை எடுத்துவிட்டு, மூடி போட்ட பெட்டி வைக்க இடம் விடலாம். பெட்டிக்கு மூடி வாங்குவது எங்கள் பொறுப்பு என்று அத்தைமார் ஒப்புக்கொண்டார்கள். இதில் கேட்பதோடு கொடுப்பதும் இருக்கிறது. அதிகாரிகளிடம் பேசும்போது அது எடுபடும்.

எந்த நாளில் எத்தனை மணிக்கு என்பதும் கடலைப் பொறுத்தது. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மறுநாள் கரைக்கு வரும். ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை அங்கே பஸ்ஸில் கூட்டம் வேறு மாதிரி என்று சித்தி சொன்னார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அந்தக் கூட்டமே மாறிவிடும். ஆண்கள் வெளியூர் வேலைக்குப் போவார்கள், பெண்கள் கருவாட்டோடு சந்தைக்குப் போவார்கள். பொங்கலுக்கும் ஆடி அமாவாசைக்கும் சிறப்பு பஸ் விடத் தெரிந்த நிர்வாகத்துக்கு இந்த நாட்காட்டியையும் யாராவது எழுதிக் கொடுக்கணும். உப்பளத்து வேலைக்கு வெயிலுக்கு முன்பே போய்ச் சேரணும். வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனம் நடக்கிறது, சுற்றிலும் தனியார் உப்பளங்கள். அந்தப் பெண்களை ஏற்றிப் போவது பெரும்பாலும் சரக்கு வண்டிகள்தான். பின்னால் நின்றுகொண்டே போகிறார்கள். இது எனக்கு ஆறாத விஷயம்.

இலவசப் பயணம் வந்தபின் இன்னொன்று வெளிச்சமானது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது செய்த நன்மைக்கு அளவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக யாரிடமும் காசு கேட்க வேண்டாம் என்ற நிலைமை எங்கள் அம்மா தலைமுறைக்குக் கிடைத்ததே இல்லை. ஆனால் காலண்டர் தாளை மறுபடி எடுத்து, இலவசமாக ஏறக்கூடிய வண்டிகளை மட்டும் சிவப்புப் பேனாவால் சுழித்துப் பார்த்தோம். விலக்கைத் தாண்டுகிற வண்டிகளில் பெரும்பாலானவை புறநகர் வண்டிகள், அல்லது தனியார். சுழித்த வண்டிகளுக்கு நடுவில் இரண்டு மணி நேர இடைவெளி. ஒரே நிறுத்தத்தில் நிற்கும் அண்ணனுக்கு அரை மணிக்கு ஒரு வண்டி, உப்பளத்து அக்காவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வண்டி. கையில் காசு இல்லாததால் ஒருவர் எதிரே வந்து நிற்கும் பஸ்ஸை விட்டுவிட்டு வெயிலில் நிற்கிறார். அவரைத் தாளில் காத்திருப்பவராகக் காட்டாத எந்தக் கணக்கும் எனக்குக் கணக்கில்லை.

இதற்கு என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒருமிப்பு இல்லை. டவுன் பஸ் நடைகளைக் கூட்டிக் கேட்கலாம் என்பது மாமா. எனக்கு வேறு எண்ணம். டவுன் பஸ் குறைவாக ஓடும் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கு 2024-இல் இந்தச் சலுகையை விரித்தார்கள். டவுன் பஸ் குறைவு என்பதுதான் காரணம் என்றால் எங்கள் கரைக்கும் அதே காரணம் பொருந்தும். விலக்கிலிருந்து தாலுகா ஊர்வரையாவது புறநகர் வண்டியிலும் ஏறலாம் என்று ஆக்கட்டும். மினி பஸ்ஸைப் பற்றிப் பேசும்போதும் இது நினைவில் இருக்கணும். 1997-இல் தொடங்கிய மினி பஸ் திட்டத்தை 2025-இல் புது விதிகளோடு மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். பஸ் போகாத ஊர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் அது தனியார் வண்டி, டிக்கெட் உண்டு. விலக்குவரை மினி பஸ், அங்கிருந்து டவுன் பஸ் என்று திட்டம் போடுகிறவர்கள், மூன்று கிலோமீட்டருக்கு அந்த அக்கா கொடுக்க வேண்டிய காசையும் சேர்த்தே யோசிக்கணும்.

லாத்தா கொண்டுவந்த யோசனை ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டைப் பற்றியது. சுவிட்சர்லாந்தில் 1982 முதல் பெரும்பாலான தடங்களில் மணிக்கு மணி ஒரே நிமிஷத்தில் ரயில் ஓடுகிறது, சந்திப்புகளில் பல திசை ரயில்களும் ஒரே நேரத்தில் வந்து நின்று, மாறுகிறவர்கள் மாறியபின் கிளம்புகின்றன என்று படித்துவிட்டு வந்தார். "இங்க எல்லா மணிக்கும் வேண்டாம். காலையில எட்டேகால், சாயந்தரம் ஆறு, ராத்திரி எட்டரை. இந்த மூணு நேரத்துல மட்டும் அஞ்சு பக்கத்து வண்டியும் வந்து, பத்து நிமிஷம் நின்னு, கெளம்பட்டும்" என்றார். மாமா உடனே மறுத்தார். இடம் பத்தாது, தனியார் வண்டி நிற்காது, ராமேஸ்வரம் வண்டியை நம்பி மற்றதை நிறுத்த முடியாது. பாம்பன் சாலைப் பாலத்தில் விடுமுறை நாளில் காரை நிறுத்திவிட்டு ரயில் பார்க்கிற கூட்டம் வழியை அடைத்துவிடும், வண்டி எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. நியாயமான மறுப்பு. பேசிப் பேசி ராத்திரி எட்டரை மட்டும் மிஞ்சியது. கடைசி வண்டிகள் மட்டும் ஒன்றுக்கொன்று காத்திருக்கட்டும். பகலில் ஒரு வண்டி தவறினால் தாமதம். ராத்திரி தவறினால் ஒரு பெண் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள்.

மனு கொடுத்ததில் கற்றதைச் சொல்கிறேன். "கூடுதல் பேருந்து வசதி செய்து தர வேண்டும்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதே இல்லை. இந்தத் தடம், இந்த நடை, இத்தனை மணி, இதை இத்தனை மணியாக மாற்றுங்கள் என்று ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போவதற்கு முன்னால் டிப்போவில் கிளை மேலாளரைப் பார்த்துவிடுங்கள். மனு சுற்றிச் சுற்றிக் கடைசியில் அவர் மேஜைக்குத்தான் வரும். முன்பே பேசியிருந்தால் எது முடியும், எதற்கு மேலே கேட்கணும் என்று அவரே சொல்லிவிடுவார். அட்டவணை கையில் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம், முப்பது நாளில் பதில் தரணும். கிராம சபையில் தீர்மானம் போட்டு அதன் நகலை இணைத்தால் மனுவுக்கு எடை கூடும்.

எங்கள் முதல் கோரிக்கை ஒரு சாயங்கால வண்டியைப் பற்றியது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் விலக்குக்கு வருவதற்குச் சற்று முன்னால் அது போய்விடும். இருபது நிமிஷம் தள்ளிவிடக் கேட்டோம். டீசல் செலவு இல்லை, ஆள் செலவு இல்லை. காலண்டர் தாள்களையும் நகல் எடுத்து இணைத்தோம். சில மாதம் அலைந்தபின் மாற்றினார்கள்.

மாற்றியதோடு வேலை முடியவில்லை. புது நேரத்தில் ஓடும் வண்டிக்கு முதல் மாதம்தான் சோதனை. கலெக்‌ஷன் இல்லை என்று எழுதிவிட்டால் அந்த நடை கட். பிறகு அதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. அதனால் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பின்னும், மாதா கோயிலில் பூசை முடிந்ததும், அம்மன் கோயில் மைக்கிலும் புது நேரத்தைச் சொல்ல வைத்தோம். ஷேர் ஆட்டோ தம்பியின் பிழைப்பு போகுமே என்ற பேச்சு வந்தது. அவனை முதலிலிருந்தே திண்ணையில் உட்கார வைத்ததால், பஸ் இல்லாத நேரங்களை அவனே எழுதி எடுத்துக்கொண்டான். இப்போது மதிய இடைவெளியில் அவன் வண்டி விலக்கில் நிற்கிறது.

இரண்டாவது, விடியற்காலை நடை. அதற்கு வண்டி ராத்திரியே ஊரில் தங்கணும். நைட் ஹால்ட் கேட்கிற ஊர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றன: டிரைவரும் கண்டக்டரும் எங்கே படுப்பார்கள்? பஸ்ஸுக்குள்ளேயே, கொசுக்கடியில், கைகால் கழுவத் தண்ணீர்கூட இல்லாமல் தங்கச் சொன்னால் அந்த ட்யூட்டிக்கு யார் வருவார்கள்? சமுதாயக்கூடத்தில் ஓர் அறை, ஃபேன், கழிப்பறை, குடிதண்ணீர், சாவி யாரிடம் என்பதுவரை ஊர்க்கூட்டத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி மனுவோடு வைத்தோம். வண்டி திரும்ப இடம் வேணும் என்று கிளை மேலாளர் கேட்டதும் ஐஸ் கம்பெனி பக்கத்தில் இருந்த கருவேல மரங்களை இளந்தாரிகள் வெட்டித் தரையைச் சமன்படுத்தினார்கள். அனுமதி வந்தது. வண்டி இப்போது தங்குகிறது, காலையில் அத்தைமார் ஊருக்குள்ளேயே ஏறுகிறார்கள். கடைசி வரிசை இருக்கை இன்னும் எடுக்கப்படவில்லை. பெட்டிகளைப் படிக்கட்டுப் பக்கம் வைப்பதில் கண்டக்டருக்கு ஏற்பட்ட சங்கடம் தீரவில்லை. அதற்குத் தனி மனு போயிருக்கிறது.

ராத்திரி எட்டரைதான் பாக்கி. ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், கடை அடைத்துவிட்டு வருகிற என்னைப் போன்றவர்கள், மதுரைப் பக்கமிருந்து வந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் இதில் வருகிறார்கள். மதுரை வண்டி தாமதமானால் தெற்குக் கடைசி வண்டி பத்து நிமிஷம் காத்திருக்கணும், அதற்கு டைம் கீப்பருக்கு எழுத்தில் அனுமதி வேணும். கண்டக்டர் தானாக வண்டியை நிறுத்தினால் மெமோ வாங்குவது அவர்தான். கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி ஊர்க்காரர்களிடமும் ஒரே வாசகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்துக்காரர்கள் இதைப் படித்தால், உங்கள் கடைசி வண்டி எத்தனை மணிக்கு, விலக்கில் நிற்கிறதா, அதில் பெண்கள் இலவசமாக ஏற முடியுமா என்று ஒரு வாரம் எழுதிவையுங்கள். இரண்டு பக்கத் தாளையும் ஒன்றாக வைத்துத்தான் அடுத்த மனுவை எழுதப்போகிறோம்.